கருவிழி மாற்றிய மருத்துவர்

கடிகார முகப்பில் பொருத்திய கண்ணாடியைப்போலக் கண்ணின் முன்புறத்தில் அமைந்திருப்பது கருவிழிப்படலம். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த கனமுடைய இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் பளிங்குபோல் தெளிந்து ஒளியை உள்ளே விடுகின்றது. இது வெளுத்துவிட்டால், உள்ளுறுப்புகள் யாவும் பழுதற்றிருப்பினும் பார்வை கெடும். சாளரம் அடைத்த வீட்டில் ஞாயிற்றின் ஒளி புகுவது எங்ஙனம்?

இக்கேட்டினைப் போக்க வழி கண்டவர் எட்வர்டு சிர்ம். இவர் 1863ஆம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று கண் மருத்துவத்தில் தேர்ந்தார். 1892ஆம் ஆண்டு மொராவியாவிலுள்ள ஒலமௌட்ஸ் நகர மருத்துவமனையில் கண் பிரிவின் தலைமையை ஏற்றார். அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சார்ந்திருந்த அந்நகர், இன்று செக் நாட்டில் உள்ளது.

வெளுத்த படலத்தை நீக்கி வேறொன்றைப் பொருத்தலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1824ஆம் ஆண்டில் ரைசிங்கர் என்பார் முயல்களில் இதனை ஆராய்ந்தார். 1838ஆம் ஆண்டில் கிஸ்ஸம் என்பார் பன்றியின் கருவிழிப்படலத்தை ஒரு மனிதனுக்குப் பொருத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. பின்னர் வந்த வான் ஹிப்பல், படலத்தை வட்டமாக அறுத்தெடுக்கும் நுண்கருவி ஒன்றை அமைத்துத் தந்தார். கருவி கிடைத்தும், முழுக் கனத்துடன் பொருத்திய படலம் எதுவும் தெளிவுடன் நீடித்திலது.

இந்நிலையில் கூலித்தொழிலாளி ஒருவர் சிர்மிடம் வந்தார். சுண்ணாம்பு நீற்றுகையில் அது தெறித்து அவருடைய இரு கண்களையும் கெடுத்துவிட்டது. சுண்ணாம்பு கால்சியத்தின் கூட்டுப்பொருள். அது விழியின் இழைகளுள் ஊடுருவி, அவற்றை வேகச் செய்து, வெண்ணிறமாகப் படிந்துவிடும். மேற்பரப்பில் மட்டும் படிந்த கால்சியமாயின் சுரண்டி அகற்றலாம். ஆழம்வரை வெந்த கண்ணுக்கு அது பயன்படாது.

அக்காலத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனும் அம்மருத்துவமனைக்கு வந்தான். இரும்புத் துணுக்கு பாய்ந்த அவனுடைய கண்ணைக் காக்க இயலவில்லை, அகற்றவே நேர்ந்தது. ஆயினும் அதன் கருவிழிப்படலம் தெளிவாயிருந்தது. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிர்ம் அப்படலத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள இரு வட்டுகளை எடுத்து, தொழிலாளியின் கண்ணுக்கு ஒன்றாகப் பொருத்தினார். வட்டுகளை உப்புநீரில் நனைத்த மென்துணியிடையே வைத்துக் காத்தார். நச்சுக்கிருமி அணுகாவண்ணம் தூய்மை பேணினார். ஊசி வட்டினைத் துளைத்தால் அது கெடும் என்று கருதி, வட்டின்மீது நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி அழுத்திப் பிடிக்கச் செய்தார். இக்கூரிய எண்ணமே அவருடைய திறமையின் சிகரம் எனலாம்.

ஒரு கண்ணில் பொருத்திய வட்டு நிலைக்கவில்லை. மற்றொன்றோ தெளிவாகவே இருந்தது. தொழிலாளி பார்வை பெற்றுத் தம் தொழிலுக்குத் திரும்பினார். மனிதனுக்கு மனிதக் கருவிழியே ஏற்றது என்றும், அது இளமையும் நலமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்றும் 1906ஆம் ஆண்டில் சிர்ம் எழுதி வெளியிட்டார்.

எனினும் உயிருள்ளோரின் கண்ணை அகற்ற நேரும்போதே படலம் கிடைத்ததால், இம்முறை அரிதாகவே கையாளப்பட்டது. 1931ஆம் ஆண்டில் ஒடெசா நகர மருத்துவர் ஃபிலாட்டோவ், இறந்தோரின் கண்ணிலிருந்து எடுத்த படலத்தைப் பொருத்தி அத்தடையை நீக்கினார். சிர்ம் அதனைக் காணும்வரை உயிர் வாழ்ந்து, 1944ஆம் ஆண்டு ஒலமௌட்ஸ் நகரிலேயே காலமானார்.