சுவரில் மாட்டிய சேலை

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் பழைய லட்சுமி படம், உடம்பு முழுக்கப் போர்த்திய கரை வைத்த சேலை. கீழே அவன் பாட்டி, காட்டு வேலைக்காக முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலையோடு. படத்தைப் போட்டவர் ரவிவர்மா என்று நான்தான் சொன்னேன். பாட்டி 'அப்படியா சாமி' என்றதோடு சரி!

1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணத்தை யாரும் சொல்லித்தரவில்லை. 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரரும் வேடிக்கை பார்க்கத்தான் விட்டார். பார்த்தே கத்துக்கிட்டார். லேப்ல நாம செய்றதும் பாதி அதுதானே? தலையில் பூச்சூடும் நாயர் பெண் படம் 1873-ல் வியன்னாவில் பரிசு வாங்கியது.

அவர் வளர்ந்த திருவிதாங்கூரில் துணி என்பது வெறும் துணி இல்லை. தோள்சீலைக்காக நாடார் பெண்கள் அடிபட்டார்கள். 1859-ல் வந்த அரச ஆணை மேலே துணி போட அனுமதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாதாம்! அப்போது ரவிவர்மாவுக்குப் பதினொரு வயசு.

பிறகு பரோடா மன்னருக்குப் புராணப் படங்கள் வரையவேண்டி வந்தது. சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடுத்துவது? தம்பியோடு வடநாடு சுற்றினார். ஊருக்கொரு உடை. கடைசியில் சேலைதான் என்று முடிவுகட்டினார். 1889-ல் வரைந்த இசைக்கலைஞர்கள் படத்தில் பதினொரு பெண்கள், ஆளுக்கொரு ஊர் உடுப்பு. நகையையும் கட்டையும் பார்த்தே யார் எவர் என்று சொல்லிவிடலாம்.

1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் கல் மாற்றிக் கல் அழுந்தி வரும், இம்மி நகர்ந்தால் முகம் கெட்டுப்போகும். கடன் ஏறி, ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். ஆனால் கோயிலுக்குள் விடாதவர்கள் வீட்டுக்கும் சாமி வந்துவிட்டது, அந்த அச்சால்.

எனக்கு ஒரு குறை உண்டு. 1893-ல் சிகாகோ போன பத்துப் படங்களில் ஒன்றில் நாடோடிக் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கட்டை லட்சுமிக்குக் கட்டவில்லையே! சாமி சேலை எப்போதும் பெரிய வீட்டுச் சேலைதான்.

1906 அக்டோபர் 2-ல் கிளிமானூரிலேயே காலமானார். கிளம்பும்போது பார்த்தேன், பாட்டி செருகலை இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.