வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையின் பிள்ளைக்குப் பிறந்த நாள் குறித்து வைப்பார் யார்? 1864ஆம் ஆண்டளவில் பிறந்தார் என்றே கூற முடிகிறது. அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே கொள்ளைக் கூட்டத்தார் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். பண்ணைக்குரிய மோசஸ் கார்வர் ஒரு குதிரையை ஈடாகக் கொடுத்துக் குழந்தையை மீட்டார் என்பர். தாய் திரும்பவே இல்லை.

அடிமை முறை ஒழிந்தபின் அப்பண்ணையாரும் அவர்தம் மனைவியாருமே ஜார்ஜை வளர்த்தனர். அவ்வூரில் ஒரு சிறு கட்டடம் இருந்தது. ஞாயிறன்று அது கோவில். ஏனைய நாட்களில் பள்ளிக்கூடம். ஞாயிறன்று உள்ளே அமர்ந்து இறைவனைத் தொழுத சிறுவனுக்குத் திங்களன்று அதே கதவு அடைக்கப்பட்டது. இதன் பொருளை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

கல்வி வேட்கையால் அவர் நியோஷோ நகருக்கு நடந்தே சென்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியிற் சேர்ந்தார். மருத்துவச்சியாகவும் துணி வெளுப்பவராகவும் உழைத்த மரையா வாட்கின்ஸ் என்னும் கறுப்பின அம்மையார் அவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். கற்பதெல்லாம் கற்று, அதனைத் தம் மக்களுக்கே திருப்பித் தரவேண்டும் என்று அறிவுறுத்தியவரும் அவரே. அவர் அளித்த விவிலியத்தைக் கார்வர் இறுதிவரை போற்றி வைத்திருந்தார்.

பின்னர் கான்சஸ் மாநிலத்தில் ஹைலண்ட் கல்லூரி அவர் விண்ணப்பத்தை ஏற்று இடமளித்தது. நேரில் சென்று நின்றதும், அவர் நிறத்தைக் கண்டு மறுத்துவிட்டது. அதுவும் கிறித்தவக் கல்லூரியே! ஆயினும் கார்வர் தம் நம்பிக்கையைக் கைவிட்டாரில்லை. 1890இல் அயோவாவிலுள்ள சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றது. துணி வெளுத்து வயிறு வளர்த்துக்கொண்டே கற்றார். அடுத்த ஆண்டு ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரிக்குச் சென்றபோது, மாணவர் உணவுக் கூடத்தில் அவருக்கு இடமில்லை. கீழ்த்தளத்தில் பணியாளரோடு உண்ண வேண்டியதாயிற்று. செய்தி அறிந்து, சிம்ப்சன் நாட்களில் பழகிய வெள்ளையர் அம்மையார் ஒருவர் வந்தார். எவரிடமும் வழக்காடவில்லை; நேரே கீழ்த்தளத்திற்குச் சென்று, அவரோடு அமர்ந்து உண்டார். அதன்பின் நிலைமை மாறத் தொடங்கியது.

1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்ற கார்வர், அங்கேயே ஆசிரியராக வசதியோடு இருந்திருக்கலாம். அலபாமாவிலிருந்து புக்கர் வாஷிங்டன் அழைத்ததும், அவ்வாண்டே டஸ்கேகீ கல்விக்கூடத்திற்குப் புறப்பட்டார். அங்கே ஆய்வுக்கூடம் கிடையாது. குப்பையில் கிடந்த புட்டிகளையும் கம்பிகளையும் பொறுக்கி அவரும் மாணவரும் கருவிகள் செய்தனர்.

சுற்றிலும் இருந்த மக்களோ பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுது கடனில் மூழ்கியவர்கள். ஆண்டுதோறும் பருத்தியே பயிரிட்டதால் மண் சத்திழந்து கிடந்தது. காராமணியும் நிலக்கடலையும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்க்கும் தன்மையுடையன. அவற்றை மாற்றுப் பயிராக இடுமாறு கார்வர் கற்பித்தார். உரம் வாங்க இயலாதோர்க்கு இலைமக்கும் சதுப்புநிலச் சேறும் போதும் என்று செய்து காட்டினார். 1906இல் கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியொன்றில் கருவிகளும் விதைகளும் ஏற்றி, கல்விக்கூடமே சிற்றூர்களுக்குச் செல்ல வழிசெய்தார். 1916இல் நிலக்கடலையை உணவாக்கும் 105 முறைகளைச் சிறு வெளியீடாக எழுதினார்.

ஞாயிறு மாலைகளில் மாணவர் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க விவிலிய வகுப்பொன்று தொடங்கினார். அது பல்லாண்டுகள் நடந்தது. செடியையும் கல்லையும் கையிலேந்தியே அவர் படைத்தவனைப் பற்றிப் பேசுவார். 1924இல் நியூயார்க் நகரில், தம் ஆய்வுக்கு இறைவனே தூண்டுதல் என்று பேசியதற்காகப் பெரும் நாளேடொன்று அவரைக் கடிந்து எழுதிற்று. அவர் அதற்காகத் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1921இல் அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன் நிலக்கடலை குறித்துப் பேச அவருக்குத் தரப்பட்டது பத்து மணித்துளி. உறுப்பினர் ஒருவர் நிறத்தைக் குத்திக்காட்டிக் கேலி செய்தார். கார்வர் அமைதி இழக்காமல் தொடர்ந்தார். கேட்டவர்கள் நேரத்தை நீட்டித்துக் கொடுத்தனர்.

அவரைக் குறையற்றவர் என்று எழுதுவது உண்மையாகாது. நிருவாகத்தில் அவர் திறமையற்றவர். கோழிப்பண்ணை குறித்துப் புக்கர் வாஷிங்டனோடு நெடுநாள் பூசலிட்டார். விலகிவிடுவதாகப் பன்முறை அச்சுறுத்தினார். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதும் தவறு. அவர் செய்த நூற்றுக்கணக்கான பொருள்களுள் கடைத்தெருவிற்கு வந்தவை மிகச் சிலவே. ஏழை உழவர் வீட்டு அடுப்பங்கரைக்குச் சென்றவையே மிகுதி.

பழைய மேலங்கியும் அதில் செருகிய மலருமே அவர்தம் அணிகலன். மணம் புரிந்துகொள்ளவில்லை. வாழ்நாட் சேமிப்பைத் தம் பெயரில் அமைந்த ஆய்வு நிறுவனத்திற்கே அளித்தார். 1943 சனவரி 5ஆம் நாள் மறைந்து, டஸ்கேகீயில் புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பெற்றார். அவ்வாண்டு சூலைத் திங்களில், அவர் பிறந்த டைமண்ட் ஊர்ப் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக்கியது.