நியூட்ரினோவின் தாயைத் தேடிய பிபா சௌத்ரி: நோபல் பரிசு இவரிடமிருந்து பறிக்கப்பட்டதா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மக்களுக்கு நியூட்ரினோ என்ற வார்த்தை புதுசு இல்லை. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டும் திட்டமும், அதை எதிர்த்து நடந்த போராட்டங்களும் இந்தக் கரிசல் பூமியிலும் நிறையவே பேசப்பட்டவை.

ஆனால், இந்தியாவில் இந்த ஆராய்ச்சியின் கதை பொட்டிபுரத்தில் தொடங்கவில்லை. 80 ஆண்டுகளுக்கு முன்பே, கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு இளம்பெண், இமயமலையில் வைத்து எடுக்கப்பட்ட போட்டோ தகடுகளில் வானத்திலிருந்து விழும் துகள்களின் தடத்தைத் தேடிக் கொண்டிருந்தார். அவர்தான் பிபா சௌத்ரி.

நோபல் பரிசு இவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று சமூக வலைதளங்களில் அடிக்கடி பதிவுகள் வருகின்றன. உண்மையில் நடந்தது என்ன?

யார் இந்த பிபா சௌத்ரி?

1913-ல் கொல்கத்தாவில் பிறந்தவர் பிபா. அப்பா மருத்துவர். அம்மா வழியில் பிரம்ம சமாஜக் குடும்பம். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் முன்னால் நின்ற சமூகம் அது.

கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. சேர்ந்தார். 1936-ல் படிப்பை முடித்தபோது, அந்த வகுப்பில் தேறிய ஒரே பெண் அவர்தான்.

அடுத்து ஆராய்ச்சி செய்ய விரும்பி இயற்பியலாளர் தேபேந்திர மோகன் போஸிடம் போனார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரி மகன் இவர். ஒரு பெண்ணுக்குக் கொடுக்கத் தகுந்த ஆய்வு தன்னிடம் இல்லை என்று முதலில் தயங்கினாராம். பிபா விடவில்லை. கடைசியில் சேர்த்துக் கொண்டார். 1938-ல் போஸ், கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போக, பிபாவும் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார்.

வானத்திலிருந்து விழுவது என்ன?

கரிசல் காட்டை வானம் பார்த்த பூமி என்பார்கள். மழை வருதோ இல்லையோ, வானத்திலிருந்து ஒரு தூறல் மட்டும் எந்நேரமும் விழுந்து கொண்டேதான் இருக்கிறது. அதன் பெயர் காஸ்மிக் கதிர்கள்.

விண்வெளியிலிருந்து அதிவேகமாக வரும் துகள்கள் பூமியின் காற்று மண்டலத்தில் மோதும். மோதியதும் புதிய துகள்கள் சிதறும். அவற்றில் ஒன்று பையான். அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கோடிப் பங்குகூடத் தாங்காது, உடனே சிதைந்து மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் மாறிவிடும். மியூவான் சிதையும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்கும்.

அதாவது, காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவுக்கு பையான்தான் தாய் மாதிரி.

கையை நீட்டினால் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் போய்க் கொண்டிருக்கும். நியூட்ரினோ கணக்கு இன்னும் பெரிசு. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே, நகம் அளவு இடத்தில் நொடிக்கு சுமார் 6,500 கோடி. ஆனால் அவை எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடுவதால் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பிபா ஆராய்ச்சிக்கு வந்த நேரத்தில் இந்த விவரமெல்லாம் தெளிவாகவில்லை. எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு எடை கொண்ட ஒரு துகள் அணுக்கருவுக்குள் வேலை செய்ய வேண்டும் என்று ஜப்பானின் ஹிடெகி யுகாவா 1935-ல் கணித்திருந்தார். அடுத்த ஆண்டே அதே மாதிரி எடை கொண்ட ஒன்று காஸ்மிக் கதிர்களில் அமெரிக்காவில் தென்பட்டது. அதற்கு மீசோட்ரான் என்று பெயர் வைத்தார்கள். யுகாவா சொன்னது இதுதானா, வேறா? உலகம் முழுக்க இந்தக் குழப்பம் இருந்தது.

கரிசல் மண்ணில் காலடித் தடம் மாதிரி

1938-ல் கொல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த வெளிநாட்டு இயற்பியலாளர்களோடு பேசியபோதுதான் போஸுக்கும் பிபாவுக்கும் ஒரு யோசனை பிறந்தது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், போட்டோ தகடு போதும் என்பதே அது.

எப்படி? மழை பெய்து ஈரமாக இருக்கும் கரிசல் காட்டில் ராத்திரி ஆடு நடந்து போனால், காலையில் ஆடு இருக்காது. ஆனால் தடம் இருக்கும். தடத்தின் ஆழத்தை வைத்தே போனது ஆட்டுக்குட்டியா, காளை மாடா என்று சம்சாரி சொல்லிவிடுவார். அந்த மண் காய்ந்தால் தடமும் அப்படியே இறுகிவிடும்.

போட்டோ தகட்டின் மேல் பூசப்பட்ட ரசாயனமும் இதே வேலையைத்தான் செய்கிறது. மின்னூட்டம் கொண்ட துகள் அதன் வழியாகப் போனால், போன வழியெல்லாம் வெள்ளித் துணுக்குகள் புள்ளி புள்ளியாகப் படியும். தகட்டைக் கழுவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தடம் தெரியும். புள்ளிகள் நெருக்கமா, இடைவெளியா, கோடு எப்படி வளைகிறது என்று அளந்து துகளின் எடையைக் கணக்கிடலாம்.

உயரத்துக்குப் போகப் போக காஸ்மிக் கதிர்கள் அதிகம் கிடைக்கும். அதனால் டார்ஜிலிங், சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பு, திபெத்தின் பாரி ஜோங் ஆகிய இடங்களில் தகடுகளை மாதக் கணக்கில் வைத்தார்கள். பிறகு அவை கொல்கத்தா வந்து சேரும். கண் வலிக்க வலிக்க ஒவ்வொரு தடமாக அளக்க வேண்டும்.

முடிவுகள் 1940-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் நேச்சர் இதழில் அடுத்தடுத்து வெளியாயின. மீசோட்ரானின் எடை எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு என்பது போஸும் பிபாவும் போட்ட கணக்கு. வெறும் தகடுகளை வைத்துக் கொண்டு துகளின் எடையைச் சொல்ல முடியும் என்று காட்டியதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

போர் போட்ட முட்டுக்கட்டை

ஒரு சிக்கல் இருந்தது. அவர்களிடம் இருந்த தகடுகள் அவ்வளவு நுட்பமானவை இல்லை. ஈரம் போதாத மண்ணில் லேசான தடம் பதியாமல் போவது மாதிரி, மெல்லிய தடங்கள் பல அதில் விட்டுப் போயின. எடைக் கணக்கில் துல்லியம் வேண்டுமென்றால் இன்னும் நல்ல தகடு வேண்டும்.

அது இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். ஆனால் இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. தேவையான தகடுகள் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. ஆய்வு அந்த இடத்திலேயே நின்றது.

போர் முடிந்ததும் நிலைமை மாறியது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவுக்கு இல்ஃபோர்ட் நிறுவனத்தின் மேம்பட்ட தகடுகள் கிடைத்தன. பிரான்ஸின் பிக் து மிதி மலையிலும், பொலிவியாவின் சக்கால்தாயா மலையிலும் அவற்றை வைத்தார்கள். 1947-ல் அந்தத் தகடுகளில், ஒரு துகள் வந்து நின்று இன்னொரு துகளாக மாறுவது பளிச்சென்று தெரிந்தது. முதலில் வந்தது பையான். அடுத்தது மியூவான். யுகாவா சொன்னது பையானைத்தான் என்பதும் உறுதியானது.

1950-ல் பவலுக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

அப்படின்னா நோபல் பறிக்கப்பட்டதா?

இங்கேதான் சமூக வலைதளப் பதிவுகள் ஒரு படி தாண்டிவிடுகின்றன.

பையான், மியூவான் என இரண்டு துகள்கள் இருக்கின்றன என்பதை பிபாவும் போஸும் பிரித்துக் காட்டவில்லை. அவர்களுடைய தகடுகளில் அது முடியவும் முடியாது. அதனால் அவர்கள் கண்டுபிடித்ததை பவல் எடுத்துக் கொண்டார் என்று சொல்வது சரியாகாது.

அதே நேரம், வழியை முன்பே போட்டுக் காட்டியவர்கள் இவர்கள் என்பதும் உண்மை. பவலே பின்னாளில் தன் புத்தகத்தில் இவர்களின் முன்முயற்சியை ஒப்புக் கொண்டிருக்கிறார். போருக்கு நடுவே தகடு கிடைத்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்பது யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி.

இந்தத் தகடு முறையை ஐரோப்பாவில் வளர்த்தெடுத்த ஆஸ்திரியப் பெண் விஞ்ஞானி மரியெட்டா பிளாவுக்கும் நோபல் கிடைக்கவில்லை. யூதர் என்பதால் 1938-ல் சொந்த நாட்டை விட்டே வெளியேற வேண்டி வந்தது.

பிபாவுக்கு நடந்த உண்மையான அநீதி வேறு இடத்தில் இருக்கிறது. அது அவர் இந்தியா திரும்பிய பிறகு நடந்தது.

மான்செஸ்டர் முதல் மும்பை வரை

1945-ல் பிபா இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். அங்கே பேட்ரிக் பிளாக்கெட் ஆய்வகத்தில் காஸ்மிக் கதிர்ப் பொழிவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1948-ல் நோபல் வாங்கியவர் இந்த பிளாக்கெட்.

1949-ல் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டி.ஐ.எஃப்.ஆர்.) சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர்தான். 1957 வரை அங்கே இருந்தார். பிறகு விக்ரம் சாராபாய் நடத்திய ஆமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கு மாறினார்.

அந்தக் காலத்தில்தான் கோலார் தங்கவயல் ஆய்வுகளிலும் பங்கெடுத்தார்.

தங்கச் சுரங்கத்துக்குள் எதுக்கு ஆராய்ச்சி?

நெல்லைச் சொளகில் போட்டுப் புடைத்தால் பதர் பறந்து நெல் தங்கும். பூமிக்குள் ஆழமாகப் போவதும் ஒரு வகைப் புடைத்தல்தான். மேலே இருக்கும் பாறை மற்ற துகள்களை எல்லாம் தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் தடையில்லாமல் வரும்.

தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அங்கே 2.3 கி.மீ. ஆழத்தில் டி.ஐ.எஃப்.ஆர்., ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து கருவிகளை வைத்தன. 1965-ல் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளம் அங்கே பதிவானது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. உலகில் இதுதான் முதல் முறை.

பிபா தகடுகளில் தேடிய துகள் குடும்பத்திலிருந்து பிறந்த நியூட்ரினோக்கள்தான் இவை.

இதே வகை நியூட்ரினோக்களை வைத்து, அவற்றுக்கும் எடை உண்டு என்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் 1998-ல் காட்டியது. அதற்கு 2015-ல் நோபல் கிடைத்தது.

விருது இல்லை, பதவி இல்லை

1971-ல் சாராபாய் இறந்தார். அதன்பின் ஆமதாபாத்தை விட்டுவிட்டு கொல்கத்தா திரும்பினார் பிபா. சாஹா ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். கடைசி வரை ஆய்வுக் கட்டுரை எழுதியவர், 1991 ஜூன் 2-ம் தேதி காலமானார்.

இந்தியாவின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. பெரிய தேசிய விருது எதுவும் கொடுக்கப்படவில்லை. ராஜிந்தர் சிங், சுப்ரகாஷ் ராய் இருவரும் எழுதிய வாழ்க்கை வரலாறு 2018-ல் வந்த பிறகுதான் அவர் பெயர் பரவலாகத் தெரிய வந்தது. 2019-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு நட்சத்திரத்துக்கு பிபா என்று பெயர் வைத்தது.

நோபல் என்பது வெளியூர் கமிட்டியின் முடிவு. ஆனால் சொந்த நாட்டு அங்கீகாரத்துக்கு எந்தப் போரும் குறுக்கே நிற்கவில்லை.

தேனி திட்டம் இப்போது எந்த நிலையில்?

கோலார் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதற்கு மாற்றாகத்தான் பொட்டிபுரத்தில் 50,000 டன் இரும்புக் கருவியோடு ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். மலை, தண்ணீர், விவசாயம் பாதிக்கப்படும் என்று எதிர்ப்பு கிளம்பியது. வழக்குகள் நடந்தன. 2022-ல் இந்தத் திட்டத்தை ஏற்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. நியூட்ரினோவை அங்கே உருவாக்கப் போவதில்லை. அது ஏற்கெனவே எல்லோர் உடம்பு வழியாகவும் போய்க் கொண்டுதான் இருக்கிறது, அதனால் ஆபத்தும் இல்லை. மலையைக் குடையலாமா, கூடாதா என்பது தனிக் கேள்வி. அதற்கான பதிலை அந்த மண்ணையும் காட்டையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெரிய கருவியின் சின்ன மாதிரி ஒன்று, 85 டன் எடையில், மதுரையில் செயல்பட்டு வருகிறது. வானத்திலிருந்து வரும் மியூவான்களின் தடத்தைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. போட்டோ தகட்டுக்குப் பதில் இரும்பும் கண்ணாடியும் மின்சாரமும். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரம்தான்.