முகங்களைப் பதித்தவர்

இன்று கைப்பேசியில் கண்ணிமைக்கும் நேரத்தில் படம் எடுத்துவிடுகிறோம். ஜூலியா மார்கரெட் கேமரன் வாழ்ந்த காலத்தில் அப்படியில்லை. அவர் எடுத்த ஒரு நிழற்படத்திற்காகச் சில நிமிடங்கள் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும்.

ஜூலியா 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். 1838இல் சார்ல்ஸ் கேமரன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். நமது கேமரன் மலைக்குப் பெயர் தந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன் வேறொருவர். பத்தாண்டுகளுக்குப் பின் ஜூலியாவின் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது.

1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு நிழற்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக் கொட்டகையைப் படப்பிடிப்புக் கூடமாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் அவர் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் வேதிக் கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்டு அவருடைய கைகள் கறுத்தன. அவர் எடுத்த படங்கள் தெளிவாக இல்லை என்று பிற நிழற்படக் கலைஞர்கள் குறை கூறினர். ஜூலியா மனந்தளரவில்லை. அறிவியலாளர் டார்வின், கவிஞர் டென்னிசன் ஆகியோரின் முகங்களை அவர் பதித்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்ததால், 1875இல் இருவரும் அங்குச் சென்றனர். அப்போது காப்பிச் செடிகளை ஒருவகைப் பூஞ்சை நோய் அழித்துக்கொண்டிருந்தது. பின்னர் அந்த மலைகளில் தேயிலை பரவியது. இலங்கையில் ஜூலியா தமிழரையும் சிங்களவரையும் படமெடுத்தார். 1879இல் அவர் மலையகத்தில் காலமானார்; பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. டார்வினின் படத்தைப் பார்ப்போர் அவர் யாரென்று அறிவர். இலங்கைப் படங்களில் இருக்கும் உழைப்பாளிகள் பலரின் பெயர்களோ எழுதப்படவில்லை. முகம் நிலைத்தது, பெயர் மறைந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அப்படங்களைக் கண்டாலும் தம் முன்னோரை அடையாளம் காண இயலாது.

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரின் நிழற்படங்கள் நம் வீடுகளிலும் இருக்கலாம். அவற்றில் இருப்போரைப் பற்றிப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.