சிங்கத்தைத் தந்தையாகக் கண்டவர்

காலிக்கு அருகே தொடந்துவையில் 1914இல் பிறந்த எதிரிவீர சரச்சந்திர, நம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானிய நாடகங்களைப் பார்த்துத் திரும்பியவர், தமிழ்க் கூத்தோடு உறவுள்ள பழைய சிங்களப் பாட்டு நாடக மரபுக்கு உயிரூட்டினார். 1956இல் 'மனமே', 1961இல் 'சிங்கபாகு' மேடையேறின.

சிங்கபாகு மகாவம்சக் கதை. பிரிந்துபோன மனைவி மக்களைத் தேடி அலையும் சிங்கத்தின் மீது அதன் மகனே அம்பெய்கிறான். தந்தை மனத்தில் பாசம் இருந்தவரை அம்பு துளைக்கவில்லை. கோபம் எழுந்ததும் துளைத்தது. கொடிய விலங்கென ஊர் அஞ்சிய சிங்கத்தைச் சரச்சந்திர தந்தையாகக் கண்டார். அதனாலேயே அவரை நான் மதிக்கிறேன்.

1996இல் அவர் மறைந்தார். பேராதனைத் திறந்தவெளி அரங்கு இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தோழியரே, பெற்றோருடன் ஒருமுறை அங்கு சென்று வாருங்கள்.