சிக்காகோ மாநகரை ஆண்ட றிச்சட் டேலி

ஒரே மாநகருக்கு ஆறு தடவைகள் தொடர்ந்து முதல்வராகத் தெரிவாகி, இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்து, பதவியில் இருக்கும்போதே கண்மூடிய ஒரு கத்தோலிக்கரின் வாழ்வை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம். அவரே ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ மாநகர முதல்வர் றிச்சட் டேலி.

1902ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், சிக்காகோவின் பிறிஜ்போட் பகுதியில் ஓர் அயர்லாந்து வழிக் குடும்பத்தின் ஏக புதல்வராக இவர் பிறந்தார். தந்தை மைக்கல் தகட்டு வேலை செய்யும் தொழிலாளி, தாயார் லில்லியன். தெலசால் அருட்சகோதரர்களின் பாடசாலையில் கற்றபின், இறைச்சிக்கு மாடுகள் கொண்டுவரப்படும் பெரும் தொழுவங்களில் வேலை பார்த்தார். பகலில் உழைத்து, இரவில் டீபோல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று பட்டம் பெற்றார். 1936இல் எலினோர் அம்மையாரைக் கரம்பற்றினார். இவர்களுக்குப் பிள்ளைகள் எழுவர்.

மாநகர முதல்வரான பின்னரும் டேலி பிறிஜ்போட்டை விட்டு நீங்கவில்லை. லோ வீதியிலுள்ள எளிய வீட்டிலேயே வாழ்ந்தார். நாள்தோறும் திருப்பலி கண்ட பின்னரே அலுவலகம் செல்வது அவர் வழக்கம்.

1953இல் மாவட்ட சனநாயகக் கட்சித் தலைவரான டேலி, 1955இல் மாநகர முதல்வரானார். வீதிக்கு வீதி கட்சியின் ஆட்கள் இருந்தனர். வாக்குகளைச் சேர்த்துக் கொடுப்பவருக்கு நகரசபையில் வேலை கிடைக்கும். இந்த ஏற்பாட்டினால் ஏழைகள் பலர் பிழைத்தனர். அதேவேளை ஊழலும் வளர்ந்தது. 1960இல் கத்தோலிக்கரான ஜோன் கென்னடி இலினோய் மாநிலத்தை 9,000க்கும் குறைந்த வாக்குகளால் வென்றபோது, டேலியின் ஆட்கள் மீது எதிர்க்கட்சியினர் மோசடிக் குற்றம் சாட்டினர்.

நகரம் வளர்ந்தது உண்மை. ஓகேர் விமான நிலையம் விரிவடைந்தது. நெடுஞ்சாலைகளும் வானளாவும் மாடங்களும் எழுந்தன. ஆனால் 1958 டிசம்பர் முதலாம் நாள், சம்மனசுகளின் இராக்கினி பாடசாலையில் மூண்ட தீயில் 92 பிள்ளைகளும் மூன்று கன்னியரும் மாண்டனர். பழைய கட்டடமாதலால் புதிய தீப்பாதுகாப்பு விதிகள் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. அந்தத் துயரத்தின் பின்னரே நாடெங்கும் பாடசாலைப் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன.

இனி நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். டேலியைப் பதவியில் அமர்த்தப் பெருந்துணை செய்தவை கறுப்பின மக்களின் வாக்குகள். அம்மக்களுக்கோ, தங்கள் பகுதிகளுக்கு வெளியே வீடு கிடைப்பது அரிதாயிருந்தது. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட றொபேட் டெயிலர் குடியிருப்பில் பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள் வரிசையாக நின்றன. அங்கே ஏழைக் கறுப்பின மக்களே குவிக்கப்பட்டனர். பொதுக் குடியிருப்புகளுக்கு இன அடிப்படையிலேயே இடம் தெரிவுசெய்யப்பட்டதென 1969இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிக்காகோவுக்கு வந்து, வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் நடத்தினார். குருமாரும் கன்னியரும் அவருடன் நடந்தார்கள். எதிரே நின்று கல்லெறிந்த கூட்டத்திலும் கத்தோலிக்கர் இருந்தனர். ஒரு கல் கிங்கின் தலையைத் தாக்கியது. ஆகஸ்டில் டேலி உடன்பாடு ஒன்றுக்கு வந்தார். அதில் எழுதப்பட்டவையோ பெரும்பாலும் எழுத்தோடு நின்றன. 1968 ஏப்ரலில் கிங் கொலையுண்டபின் கலகம் மூண்டபோது, தீ வைப்போரைச் சுட்டுக் கொல்லவேண்டுமென டேலி கூறியது பலரையும் அதிரவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கட்சி மாநாட்டின்போது போருக்கு எதிராகத் திரண்ட இளைஞரைப் பொலிசார் அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது.

1976 டிசம்பர் 20ஆம் நாள் மாரடைப்பினால் டேலி காலமானார். பிறிஜ்போட்டிலுள்ள சொந்தப் பங்குக் கோவிலிலேயே அவரது அடக்கத் திருப்பலி நிறைவேறியது. பின்னாளில் அவருடைய மகன், தந்தையின் பெயரையே தாங்கியவர், 1989 முதல் 2011 வரை அதே பதவியை வகித்தார். றொபேட் டெயிலர் கட்டடங்களோ 2007க்குள் முற்றாக இடித்து அகற்றப்பட்டன.

வாசகர்களே, டேலி தம் வீட்டையும் பங்கையும் அயலையும் மனமார நேசித்தார், அதில் ஐயமில்லை. பிறிஜ்போட்டுக்கு அப்பால் வாழ்ந்தவரும் அவருடைய அயலவரே என்பதைத்தான் அவர் காணத் தவறினார். நாம் நம் அயலின் எல்லையை எங்கே வரைந்திருக்கிறோம்? இக்கேள்வியை உங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசிப் பாருங்கள்.