ஜெசோர் கிராணி பார்த்த வானம்

ஜனவரி மாதம் கேமரன் மலையில் நடந்த இளைஞர் முகாமில் ஒரு ராத்திரி, அரை மணி நேரம் பனிமூட்டம் விலகிக் கொடுத்தது. தேயிலைச் சரிவுக்கு மேலே திருவாதிரை சிவப்பா நின்னுச்சு. எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். ஒரு தம்பி மட்டும் நின்றான். எஸ்பிஎம்மில் கணக்கு போய்விட்டதாம். நட்சத்திரம் பார்க்கிறது எல்லாம் படிச்சவங்க வேலைதானே அண்ணே என்று கேட்டான். அன்றைக்கு என்னமோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

ராதா கோபிந்த சந்திரா 1878இல் வங்காளத்தின் ஜெசோர் நகருக்குப் பக்கத்தில் பாக்சர் கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது. முதலில் நட்சத்திரம் காட்டிக் கொடுத்தது பாட்டி. பள்ளிப் புத்தகத்தில் பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தைப் பற்றி வந்த ஒரு பாடம் அந்த ஆசையை வளர்த்தது. ஆனால் பள்ளி இறுதித் தேர்வில் மூன்று தடவை தோல்வி. ஜெசோர் அரசாங்கக் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் வேலை கிடைத்தது, மாதம் 15 ரூபாய் சம்பளத்தில். நம்ம தோட்டக் கணக்கில் ஒரு சின்னக் கிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1910இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது ஒரு பைனாகுலரை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார், அதைப் பற்றி எழுதினார். சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்த ஜகதானந்த ராய் அதைப் படித்துவிட்டு, தொலைநோக்கி ஒன்று வாங்கும்படி ஊக்கப்படுத்தினார். 1912இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அந்தச் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய செலவு என்று சொல்லத் தேவையில்லை.

1918 ஜூனில் திருவோணம் இருக்கும் கழுகு மண்டலத்தில், அதுவரை வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் ஒரு புது வெளிச்சம். அதைத்தான் நோவா என்பார்கள். சில நாளிலேயே வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களுக்குச் சமமாகிவிட்டது. உலகத்தில் அதை முதலில் கவனித்த சிலரில் சந்திராவும் ஒருவர். தன் குறிப்புகளை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பினார். அந்த வழியில் அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தின் தொடர்பு கிடைத்தது. 1911இல் தொடங்கிய அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

அது என்ன மாறும் விண்மீன்? சில நட்சத்திரங்கள் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. திமிங்கில மண்டலத்தின் மைரா சுமார் 11 மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவுக்கு வந்து, அப்புறம் மங்கி மறைந்துபோகும். இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கப் பெரிய வானாய்வகங்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. சம்பளம் இல்லாமல் பார்க்கிறவர்கள்தான் அந்த இடைவெளியை அடைத்தார்கள். வேலை கேட்பதற்கு எளிது. ஒளி மாறாத இரண்டு பக்கத்து நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடுதல், ஒன்று கொஞ்சம் குறைவு. நம்ம நட்சத்திரம் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட்டு, தேதியும் நேரமும் போட்டு எழுதணும். போன தடவை என்ன எழுதினோம் என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தானாக அதையே எழுதிவிடும். நாள் முழுக்க நல்ல காசு, கள்ளக் காசு பிரித்துப் பழகிய கண்ணுக்கு இது ஒத்துவந்திருக்கும் என்பது என் ஊகம்.

1926இல் அந்தச் சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி ஜெசோருக்கே அனுப்பி வைத்தது. சார்லஸ் எல்மர் என்ற அமெரிக்க அன்பருடையது அது. நினைச்சுப் பாருங்க, முகமே பார்க்காத ஒரு கருவூல ஊழியரை நம்பி! 1928இல் பிரெஞ்சு அரசாங்கம் கௌரவப் பட்டம் கொடுத்தது. 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய பதிவுகள் 37,000க்கு மேல். நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று வருகிறது, வங்காளத்து மழைக்காலத்தையும் சேர்த்து. அந்தத் தாளில் யாரும் அவருடைய தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.

இதை வைத்துப் பரீட்சை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை தம்பி. அவர் கடைசி வரைக்கும் வசதியில்லாமல்தான் இருந்தார். நாடு பிரிந்தபின் ஊரை விட்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பராசத்தில் குடியேறினார். அங்கேயும் பார்ப்பதை விடவில்லை. 1975 ஏப்ரலில், 96 வயதில், வறுமையிலேயே இறந்தார்.

அந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி அவருக்குப் பிறகு வைணு பாப்புவின் கைக்குப் போனது. பின்னாளில் அது தமிழ்நாட்டுக்கு வந்தது: ஜவ்வாது மலையில், இன்று பாப்புவின் பெயரையே தாங்கி நிற்கும் காவலூர் வானாய்வகத்துக்கு. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் கோயில் பட்டியலோடு அந்த மலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் பிறந்த லயத்தில் ஒரு காலத்தில் எட்டு மணிக்கு மேல் கும்மிருட்டு. இப்போது பக்கத்துப் பூத்தோட்டக் கூடாரங்களில் ராத்திரியிலும் விளக்கு. முக்கால்வாசி நாள் மேகம் வேறு. ஆனாலும் திருவாதிரை தெரிகிறது. அதுவும் மாறும் விண்மீன்தான்! 2020 பிப்ரவரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மங்கியதை நானே பார்த்தேன். வேட்டைக்காரனின் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸுக்குச் சமமாகிவிட்டது. ரோகிணியை ஒப்பிட வைத்துக்கொண்டு ஒரு பள்ளி நோட்டில் இன்றும் எழுதி வருகிறேன். தம்பி, உனக்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்கு வந்தால் வாங்கிக்கொள்.